கடவுச்சொல்லைக் கேட்காத உதவி

"அங்கிள், பகல்லெல்லாம் நல்லா ஓடுது, சாயங்காலம் ஆறரை ஆச்சுன்னா படம் போயிடுது." பெங்களூரின் கிழக்கே தூரவாணி நகர், ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுக் கண்காணிப்பு கேமரா விஷயத்தில் கைம்மாறு கருதாமல் உதவிவரும் சிலரோடு நானும் கடந்த சில ஆண்டுகளாகச் சேர்ந்து அலைந்திருக்கிறேன். எங்கள் காதில் அதிகம் விழுந்த புகார் இதுதான். கேட்பவர்கள் கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். சிலர் புதிதாக ஒன்று வாங்கி மாட்டி, அதுவும் அதே ஆறரை மணிக்கு அணைந்த பிறகுதான் எங்களைத் தேடி வருவார்கள்.

கோளாறு பெரும்பாலும் கேமராவில் இருப்பதில்லை. இருட்டியதும் கேமரா தன் முகத்தைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளை எரியவிடுகிறது. அப்போது பகலில் எடுத்ததைவிடக் கணிசமாகக் கூடுதலான மின்சாரத்தை அது இழுக்கிறது. படங்களைச் சேமித்துவைக்கும் பதிவுப் பெட்டியில் (டி.வி.ஆர்.) இணைக்கும் பழைய வகை கேமராக்களுக்கு, மூன்று மின்கம்பியும் ஒரு படக்கம்பியும் ஒரே உறைக்குள் ஓடும் 'திரீ பிளஸ் ஒன்' கேபிள்தான் போடுவது வழக்கம். விலை மலிந்த கேபிள்களில் உள்ளே இருப்பது முழுச் செம்பு அல்ல. செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் சுமார் 60 சதவீதம்தான். மூன்றாம் மாடியில் உள்ள மின்பெட்டியிலிருந்து 12 வோல்ட்டாகக் கிளம்பும் மின்சாரம் கீழே கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் மெலிந்துவிடுகிறது. பகலில் அந்த மெலிந்த அளவே போதும். இரவு விளக்கு எரிந்தவுடன் அது போதாமல், கேமரா அணைந்து, அணைந்ததால் சுமை குறைந்து மீண்டும் உயிர்பெற்று, விளக்கு எரிந்ததும் மறுபடி அணைகிறது. இதைக் கண்டுபிடிக்க இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. நண்பகலில் கேமராவின் முகத்தைக் கையால் பொத்தினால் இருட்டிவிட்டது என்று எண்ணி அது விளக்கை எரியவிடும். அந்த நேரம் கேமரா முனையில் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்தால் உண்மை தெரிந்துவிடும். கேமராவுக்கு அருகிலேயே தனி அடாப்டர் ஒன்றைப் பொருத்தினால் வேலை முடிந்தது.

இந்தச் சோதனையை எனக்குக் கற்றுத் தந்தவர் இந்தியத் தொலைபேசித் தொழிலகத்தில், அதாவது ஊர் முழுக்க ஐ.டி.ஐ. என்றே அறியப்படும் ஆலையில், பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1948இல் தொடங்கப்பட்ட அந்த ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புதான் தூரவாணி நகர். அங்கும் எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பிற பொதுத்துறை ஆலைகளிலும் தலைமுறையாக உழைத்த தமிழர்கள் பலர். தொலைபேசி லைனில் பழுது வந்தால் லைனைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் கோளாறு என்று பார்த்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி நெருங்கும் பழக்கம் அவர்கள் கையிலேயே ஊறிப்போயிருக்கிறது. கேமராவுக்கும் அவர்கள் அதையே செய்கிறார்கள்: முதலில் கேமராவைக் கழற்றிப் பதிவுப் பெட்டியின் பக்கத்திலேயே ஒரு சின்னக் கம்பியில் இணைத்துப் பார்க்கிறார்கள். அங்கே ஓடினால் கேமரா நல்லது, குற்றம் வழியில். வாங்கியதை மாற்றிப் பார்ப்பதைவிட இது எவ்வளவு சிக்கனமான வழி என்பதை, மாதச் சம்பளத்தில் வீடு நடத்தும் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்படியொரு உதவி ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்வி நியாயமானது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு விற்றவர்தானே பொறுப்பு? நடைமுறை அப்படி இல்லை. மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன எஸ்.பி. ரோட்டின் கடைகளில் பொருளை விற்பது ஒருவர், மாட்டித் தருவது இன்னொருவர், செயலியைக் கைபேசியில் ஏற்றித் தருவது அவர் அழைத்து வந்த பையன். ஆறு மாதம் கழித்துப் படம் வரவில்லை என்றால், கடைக்காரர் மாட்டியவரைக் காட்டுவார், மாட்டியவர் இணையம் தருபவரைக் காட்டுவார், இணையம் தருபவர் தம் இணைப்பு நன்றாக இருப்பதாகச் சொல்லி முடித்துக்கொள்வார். மூவர் சொல்வதும் ஓரளவு உண்மை. ஆனால் மூவர் பொறுப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. தன்னார்வலர்கள் நிற்பது அந்த இடைவெளியில். செயலியின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருப்பதும், வீட்டில் இருக்கும் மூத்தவர்களில் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள் என்பதும் அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகின்றன.

கேமரா பெருகியதற்குக் காரணங்களும் இந்த ஊரிலேயே உண்டு. 2013 நவம்பர் 19 அன்று காலை, கார்ப்பரேஷன் சர்க்கிள் அருகில் ஓர் ஏ.டி.எம். அறைக்குள் ஒரு பெண் வெட்டப்பட்ட காட்சியை உள்ளிருந்த கேமரா பதிவு செய்தது; நாடு முழுவதும் தொலைக்காட்சிகளில் அது ஓடியது. அதன்பின் கேமரா இல்லாத இடம் பாதுகாப்பற்ற இடம் என்ற எண்ணம் பெங்களூரில் வேரூன்றியது. 2017இல் கர்நாடக அரசு கொண்டுவந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம், ஒரே நேரத்தில் 100 பேரோ ஒரு நாளில் 500 பேரோ கூடும் நிறுவனங்கள் கேமரா வைத்துப் பதிவுகளை 30 நாள் காக்க வேண்டும் என்றது. வீடுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனாலும் தெருமுனைக் கடை வைத்தது, பள்ளி வைத்தது, எதிர்வீடு வைத்தது என்று பார்த்து வீட்டுக்காரர்களும் வைத்தார்கள். தனியார் கேமராக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் காவல்துறை வரைபடத்தில் குறித்துக்கொள்ளும் ஏற்பாடும் நகரில் வந்தது. அந்த ஏ.டி.எம். வழக்கிலோ, முகம் தெளிவாகப் பதிவாகியிருந்தும் குற்றம் சாட்டப்பட்டவர் பிடிபட்டது 2017இல்தான், அதுவும் ஆந்திரத்தில். படம் இருப்பதும் ஆள் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை, கேமரா வாங்கப் போகும் யாரிடமும் நாங்கள் முதலில் சொல்லிவிடுகிறோம்.

அதற்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியது, கேமரா எவ்வளவு தூரம் பார்க்கும் என்பது. 'இரண்டு மெகாபிக்சல்' என்று விற்கப்படும் கேமராவின் படம் அகலவாக்கில் 1,920 புள்ளிகள் கொண்டது. அறிமுகமற்ற ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது வேண்டும் என்பது கேமரா அமைப்புக்கான பன்னாட்டுத் தரநிலை காட்டும் அளவு. கணக்குப் போட்டால், படத்தில் தெரியும் காட்சி ஏழரை மீட்டர் சொச்சத்துக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. பொதுவாக வீடுகளில் மாட்டப்படும் 2.8 மில்லிமீட்டர் லென்சு சுமார் 100 டிகிரி கோணத்தை அள்ளிக்கொள்வதால், மூன்று மீட்டரைத் தாண்டியவுடனேயே அந்த அகலம் கடந்துவிடுகிறது. தெரு முழுவதும் தெரிகிறது என்று மகிழ்ந்து முதல் மாடி சன்ஷேடின் கீழ் மாட்டப்பட்ட கேமரா, கீழே நடப்பவரின் உச்சந்தலையையும் தொப்பியையும் மட்டுமே தரும். 6 மில்லிமீட்டர் லென்சு என்றால் கோணம் குறுகும், அடையாளம் காணும் தூரம் எட்டு மீட்டர் அளவுக்கு நீளும். ஆகவே இரண்டு கேமரா வாங்கும் சக்தி இருந்தால், ஒன்று தெருவை அகலமாகப் பார்க்கட்டும், மற்றது கேட்டைத் திறப்பவரின் முகத்தை ஏழெட்டு அடி உயரத்திலிருந்து பார்க்கட்டும் என்பதே நாங்கள் சொல்லும் யோசனை.

சேமிப்பின் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். ஒரு கேமரா நொடிக்கு 20 லட்சம் பிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜி.பி. ஆகிறது, நான்கு கேமராவுக்கு 86 ஜி.பி. சொச்சம். ஒரு டெராபைட் வன்தட்டு பதினோரு, பன்னிரண்டு நாளில் நிரம்பி, பழையதை அழித்து அதன் மேலேயே எழுதத் தொடங்கும். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ திருவண்ணாமலைப் பக்கம், ஆர்க்காட்டுப் பக்கம் என்று இரண்டு வாரம் போய்விட்டுத் திரும்பும் குடும்பத்துக்கு, போன மறுநாள் நடந்த திருட்டின் பதிவு கிடைக்காது. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறைக்கு மாற்றினால் ஏறத்தாழ அதே தெளிவைப் பாதி அளவில் அடக்கலாம், நாட்கள் இருமடங்காகும். பழைய கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டைப் பதிவுப் பெட்டியில் போடுவதைத் தவிர்க்கச் சொல்கிறோம். இரவும் பகலும் ஓயாமல் எழுதுவதற்கென்று செய்யப்பட்ட வன்தட்டு வேறு, கணினியினுடையது வேறு.

வைஃபை கேமராக்களில் வரும் தொல்லை வேறு வகை. வீட்டு இணைய நிறுவனத்தை மாற்றியதும் எல்லா கேமராவும் ஒரே நாளில் ஊமையாகிவிடும், ஏனென்றால் அவை பழைய ரவுட்டரின் பெயரையே தேடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக ஏணி போட்டு இறக்கி, ஊசியால் ரீசெட் துளையை அழுத்தி, மறுபடி இணைக்க வேண்டியதில்லை. புதிய ரவுட்டருக்குப் பழையதன் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிட்டால் அவை தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். புதிதாக இணைக்கும்போது கேமரா ரவுட்டரைக் காணவில்லை என்றால், கைபேசி 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டரை அதில் இணைக்க மறந்த வீடுகளும் நிறைய.

இதுவரை சொன்னவை எல்லாம் கம்பியும் கணக்கும். உதவியின் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. நான் அதிகம் எழுத விரும்புவதும் அதைப் பற்றித்தான்.

தொடக்கத்தில் நானும், வேலை எளிதாக இருக்கட்டும் என்று, உதவிய வீடுகளின் கடவுச்சொற்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். மறந்துவிட்டால் கேட்பார்கள், சொல்லலாம் என்ற நல்லெண்ணம்தான். ஒரு நாள், நான் கேமரா சரிசெய்து கொடுத்த ஒரு வீட்டில், கல்லூரிக்குப் போகும் அந்த வீட்டுப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அங்கிள், எங்க வீட்டு ஹால் உங்க போன்ல தெரியுமா?" தெரியாது என்று சொன்னேன், அது உண்மையும்கூட. ஆனால் நினைத்தால் தெரிந்துகொள்ளலாம் என்பதும் உண்மை. அவள் நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் அவளை வைத்திருந்தது என் நோட்டு. அன்றிரவே அதைக் கிழித்தேன். அடுத்த வாரம் ஒவ்வொரு வீடாகப் போய், அவர்களே கடவுச்சொல்லை மாற்றும்வரை திரும்பி நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் கூட்டத்தில் இப்போது இது எழுதாத விதி. கடவுச்சொல்லை உரியவரே தட்டச்சு செய்ய வேண்டும். உதவுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. எங்கள் கைபேசியில் யார் வீட்டு கேமராவும் இருக்கக் கூடாது. சோதனைக்காகச் சேர்க்க நேர்ந்தால், கிளம்பும் முன் அவர்கள் கண்ணெதிரே நீக்கிக் காட்ட வேண்டும். மூத்தவர்கள், "நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி, எனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது" என்பார்கள். அப்போது ஒரு தாளில் அவர்களையே எழுதச் சொல்லி, பீரோவில் பத்திரங்களோடு வைக்கச் சொல்கிறோம். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதுவது தவறு என்று கணினித் துறை இளைஞர்கள் சிலர் வாதாடியதுண்டு. அலுவலக மேசைக்கு அது பொருந்தலாம். எழுபது வயது அம்மாவின் பூட்டிய பீரோவில் உள்ள தாள், உதவ வந்த அந்நியரின் நினைவைவிடப் பாதுகாப்பானது என்றுதான் நான் கருதுகிறேன்.

கடவுச்சொல் மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களால் என்ன நேரும் என்பதற்கு 2016ஆம் ஆண்டே சாட்சி. மிராய் என்ற தீநிரல் அந்த ஆண்டு இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடித் தேடி, தொழிற்சாலையில் வைத்தபடியே விடப்பட்ட அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. அப்படிப் பிடித்த கருவிகளின் படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயரைக் கொண்டு அவற்றின் இணைய முகவரியைக் காட்டித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் சேவை தாக்கப்பட்டதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் முடங்கின. கருவியை அணைத்துப் போட்டால் அந்தத் தீநிரல் அழிந்துவிடும், ஆனால் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சற்று நேரத்திலேயே மறுபடி தொற்றிக்கொள்ளும். கடவுச்சொல் வலுவாக இருந்தாலும் போதாத வேளையும் உண்டு: 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் என்ற கேமரா தயாரிப்பு நிறுவனத்தின் கருவிகளில் வெளிப்பட்ட ஓட்டை, கடவுச்சொல்லே தெரியாமல் உள்ளே கட்டளை செலுத்த இடம் தந்தது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. அதைத் தன் கருவியில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அறிந்த வீடுகள் எத்தனை? கருவியின் உள்மென்பொருளைப் புதுப்பிப்பதும், வெளி இணையத்திலிருந்து உள்ளே வர ரவுட்டரில் வாசல்களைத் தானாகத் திறந்துவிடும் வசதியை அணைப்பதும், கேமராவைத் தொடாமலேயே நாங்கள் செய்து தரும் வேலைகளில் முக்கியமானவை.

மாட்டித் தந்தவரின் கணக்கிலேயே கேமரா பதிவாகிக் கிடப்பது இன்னொரு பெரிய சிக்கல். பெரும்பாலும் கெட்ட எண்ணமில்லை. அவசரத்தில் தம் கைபேசியில் சேர்த்து, வீட்டுக்காரருக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் பகிர்ந்துவிட்டுப் போயிருப்பார். சட்டப்படி கருவி வீட்டுக்காரருடையது, செயலியின் பார்வையிலோ அவர் விருந்தாளி. மாட்டியவர் தம் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும், அல்லது தயாரிப்பு நிறுவனத்துக்கு ரசீதோடு எழுத வேண்டும். இதில் குறுக்குவழி சொல்லித் தரும்படி எங்களைக் கேட்பவர்கள் உண்டு. தருவதில்லை, ஏனென்றால் கேட்பவரின் கேமராதானா அது என்று தொலைபேசியில் எங்களால் அறிய முடியாது. கருவியின் மேல் உள்ள ரீசெட் பொத்தானை நேரில் அழுத்தக்கூடியவர் யாரோ, அவரிடம் கருவி இருக்கிறது, அதுவரைக்கும் வழிகாட்டுவோம். அதேபோல், கேமராவின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படமெடுத்து அனுப்பி உதவி கேட்கிறார்கள். அந்தச் சீட்டில்தான் கருவியின் எண்ணும் பல வகைகளில் சரிபார்ப்புக் குறியீட்டெண்ணும் இருக்கின்றன. அதைப் பத்துப் பேர் பார்க்க அனுப்புவது வீட்டுச் சாவியின் அச்சை அனுப்புவதற்குச் சமம். மாடல் எண் மட்டும் போதும் என்று உடனே சொல்லி, படத்தை அழிக்கச் சொல்கிறோம்.

எல்லா வேண்டுகோளுக்கும் கை நீட்டிவிட முடியாது என்பதைச் சில அனுபவங்கள் கற்றுத் தந்தன. மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண்களின் வாசலை நேராகப் பார்க்கும்படி கேமராவைத் திருப்பித் தரச் சொன்ன வீட்டு ஓனர், வேலைக்கு வரும் அக்காவுக்குத் தெரியாமல் சமையலறையில் ஒன்றை ஒளித்து வைக்க வேண்டும் என்றவர், மனைவியின் கைபேசியில் உள்ள அனுமதியை அவர் அறியாமல் நீக்கச் சொன்னவர் என்று பலர் வந்தார்கள். மறுத்தோம். மறுப்பதற்கு எங்கள் மனசாட்சி மட்டுமல்ல, சட்டமும் துணை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் ஒப்புதலின்றிப் படமெடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்றாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணை மறைந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு முதல் முறையிலேயே ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்கு உரியதாக்குகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் தரவைக் கையாள்வதைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. ஆகவே வீட்டு கேமராவைப் பொறுத்தவரை அன்றாட ஒழுங்கைச் சட்டம் வந்து நடத்தித் தரப் போவதில்லை.

ஆனாலும் நீதிமன்றங்கள் பேசியிருக்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமியின் வழக்கில். ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழும் உடன்பிறந்தோருக்கிடையே எழுந்த வழக்கில், குடியிருப்புப் பகுதிக்குள் மற்றவரின் ஒப்புதலின்றி கேமராவை இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னதை 2025இல் உச்ச நீதிமன்றம் மாற்றாமல் விட்டது. அண்ணன் கீழே, தம்பி மேலே என்று பாகம் பிரிக்காத வீடுகளில் குடியிருக்கும் எங்கள் பகுதிக் குடும்பங்களுக்கு இந்த முடிவைச் சொல்லும்போது, பெரும்பாலும் கேமராவை எங்கே வைப்பது என்ற பேச்சு அங்கேயே சுமுகமாக முடிகிறது.

பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருந்து, பெற்றோர் மட்டும் இங்கே இருக்கும் வீடுகளில் கேள்வி இன்னும் நுட்பமானது. அப்பா விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் என்ற மகனின் கவலை பொய்யில்லை. ஆனால் கூடத்தில் கேமரா வந்த பிறகு அம்மா மதியம் புடவை முந்தானையைத் தளர்த்திக் காற்றாட உட்காருவதை நிறுத்திவிட்டார் என்றால், அந்த வீட்டில் ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது. நாங்கள் வாசலுக்கும் மாடிப்படிக்கும் மட்டும் வைத்துவிட்டு, கூடத்துக்கு வேண்டுமென்றால் பெற்றோரே அணைத்து ஏற்றும் ஸ்விட்ச் ஒன்றைச் சுவரில் எட்டும் உயரத்தில் போட்டுத் தருகிறோம். ஒலிப்பதிவை அணைத்தே வைக்கிறோம். இதைத் தொலைபேசியில் மகனிடம் விளக்குவது எங்கள் வேலையில்லை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, யாராவது ஒருவர் அந்த அம்மாவுக்காகப் பேசத்தான் வேண்டும்.

இருபதுக்கு முப்பது சைட்டில் மாடி மேல் மாடி எழுப்பிய, இருபதடித் தெருக்களில் வாழும் ஊர் இது. தன் கேட்டைப் பார்க்க வைக்கும் கேமரா எதிர்வீட்டு வாசலையும் ஜன்னலையும் பார்க்காமல் இருக்க வழியில்லை. கோலம் போட வரும் எதிர்வீட்டுப் பெண் தினமும் இன்னொருவர் வன்தட்டில் பதிவாகிறாள். இதற்குக் கருவிகளிலேயே ஒரு தீர்வு இருக்கிறது, பலருக்கும் அது தெரிவதில்லை. படத்தில் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் வசதி பெரும்பாலான பதிவுப் பெட்டிகளில் உண்டு. மறைத்த பகுதி பதிவாவதே இல்லை. எதிர்வீட்டுக்காரரை அழைத்து வந்து, அவர் ஜன்னல் மீது அந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டிவிட்டால், கேமராவால் மூண்ட தெருச்சண்டை அடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கூடவே இன்னொரு பயனும் உண்டு: தெருவின் பகுதியையும் அப்படி மறைத்துவிட்டால், அங்கே போகும் வண்டிகளுக்கெல்லாம் கைபேசி அலறுவது பெரும்பாலும் குறையும்.

திருட்டோ விபத்தோ நடந்துவிட்டால் அழைப்பு நள்ளிரவிலும் வரும். அப்போது நாங்கள் சொல்லும் முதல் சொல், பதிவுப் பெட்டியில் எதையும் அழிக்காதீர்கள், மாற்றாதீர்கள் என்பது. திரையில் ஓடும் படத்தைக் கைபேசியால் படமெடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அது ஆளைத் தேட உதவலாம், நீதிமன்றத்தில் பெரிதாக நிற்காது. பெட்டியிலிருந்தே மூலப் பதிவைப் பென் டிரைவில் எடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். கருவியைப் பயன்படுத்துபவர் ஒரு பகுதியையும் வல்லுநர் மற்றொரு பகுதியையும் நிரப்ப வேண்டும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். இதைக் காவல் நிலையம் வழியாகச் செய்துகொள்ளச் சொல்கிறோம். நாங்கள் வல்லுநராகக் கையெழுத்திடுவதில்லை. எங்களால் முடிவது இன்னொன்று: பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்பதை அப்போதே கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு எழுதிவைக்கச் செய்வது. உள்ளிருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும் பெட்டிகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்தப் பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால் போதும், ஆனால் அது திருட்டுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

புதிதாக வாங்குவோருக்கு நிலைமை முன்னைவிடச் சற்றுத் தேவலை. மத்திய மின்னணுத் துறை அமைச்சகம் 2024 ஏப்ரலில் கண்காணிப்பு கேமராக்களுக்கான பாதுகாப்புத் தேவைகளை அறிவித்து, அவற்றுக்கு உட்பட்டுச் சோதித்துப் பதிவு பெற்றவையே விற்கப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன் வாங்கி, இன்றும் சுவரில் தொங்கும் கேமராக்களுக்கு அந்தச் சோதனை எதுவும் நடந்திருக்காது. எங்களை அழைக்கும் வீடுகளில் பெரும்பாலும் இருப்பவை அவைதான். அவற்றை எல்லாம் தூக்கிப் போடச் சொல்வது அந்தக் குடும்பங்களுக்குக் கட்டுபடியாகாது. அதனால் கடவுச்சொல்லை மாற்றி, உள்மென்பொருளைப் புதுப்பித்து, புதுப்பிப்பே வராத பழைய பெட்டிகளை இணையத்திலிருந்து பிரித்து வீட்டுக்குள் மட்டும் ஓடும்படி அமைத்துத் தருகிறோம். வெளியூரிலிருந்து பார்க்க முடியாதே என்று குறைப்படுபவர்களிடம், பதிவு மட்டும் தொடர்ந்து நடக்கும் என்று சொல்கிறோம். இதைக் கேட்டுப் பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். மற்றவர்கள் பணம் சேர்த்துப் புதியது வாங்கும்வரை காத்திருக்கிறார்கள். அதுவரை அந்தப் பெட்டியின் இணையக் கம்பி கழன்றே கிடக்கிறது.